பெயர் மாற்றிய விரதம்

மே 12, திங்கள்

இன்று இட்லி பித்தளைச் சொம்பை நக்கியது போல இருந்தது. நேற்று துருப்பிடித்த ஆணி. முந்தாநாள் சுண்ணாம்பு.

எழுதி வைத்தால் மனசு ஆறும் என்று மகள் மீனலோசினி சொன்னாள். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் சாதிக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தாலுகா ஆபீஸில் அடுத்தவர் மனுவுக்குக் குறிப்பு எழுதிய கை இது. இப்போது மருத்துவ விடுப்பில் என் மனுவை நானே எழுதிக்கொள்கிறேன்.

பொருள்: சிவராமலிங்கம், வயது 49, நாக்கு வேலை செய்யாதது தொடர்பாக.

பிப்ரவரியில் மதுரையில் வைத்து என் மனைவி முத்துமீனாளின் இடது சிறுநீரகத்தை எடுத்து எனக்கு வைத்தார்கள். வைத்த நிமிஷத்திலிருந்து அது வேலை பார்க்கிறது, அவளைப் போலவே, லீவு போடாமல். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு கை மாத்திரை, மறுபடி எட்டு மணிக்கு ஒரு கை. அதில் ஏதோ ஒன்று நாக்கைக் கொன்றுவிட்டது. இன்னொன்று பசியைக் கிளப்பிவிடுகிறது. பசியும் இல்லை என்றால் பேசாமல் படுத்துக்கொள்வேன். வயிறு கொண்டா கொண்டா என்கிறது, வாய் வேண்டாம் என்கிறது. நடுவில் நான். இது என்ன நியாயம்?

காலையில் ஐந்து இட்லி. பதினோரு மணிக்கு மறுபடி மூன்று. ஒன்றுகூட இட்லி இல்லை.

மே 13

தோசை. ஈரத் துணி.

மே 17, சனி

டயாலிசிஸில் இருந்த இரண்டு வருஷமும் இளநீர் விஷம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று தம்ளர். கழுகுமலை ரோட்டில் இளநீர் வண்டியைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வயிறு முட்ட இளநீர் குடிக்க வேண்டும். அதற்காகவே உயிர் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இப்போது டாக்டர் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். மீனலோசினி இரண்டு காய் வாங்கி வந்தாள். வீட்டில் வைத்தே கழுவிச் சீவி, தம்ளரையும் வெந்நீரில் அலசிக் கொடுத்தாள் முத்துமீனாள். அம்மாவும் மகளும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர்.

"எப்பிடிப்பா இருக்கு?" என்றாள் மகள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். நாற்பத்தொன்பது வயதில் இளநீருக்கு அழுதேன் என்று வெளியே சொல்ல முடியுமா?

மே 24, சனி

மதுரைக்குப் போய் வந்தோம். டாக்டர் ரிஸ்வான் அகமது ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். கிரியேட்டினின் 1.1. "உங்க வீட்டம்மா கிட்னி சூப்பரா வேலை பாக்குது சார்."

நாக்கைப் பற்றிக் கேட்டேன். மாத்திரையினால் வருவது, அளவு குறையக் குறையச் சரியாகும், சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருஷம் என்றார். ஆறவிட்டுச் சாப்பிடச் சொன்னார், எலுமிச்சை பிழிந்துகொள்ளச் சொன்னார். ருசி இல்லை என்று ஒரு வேளை மாத்திரையை விட்டாலும் கிட்னி போய்விடும் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

அவளைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா? தண்ணி நல்லாக் குடிக்கீங்களா?" என்றார்.

"எனக்கென்ன சார், நல்லாருக்கேன். குடிச்சிக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள். அவளுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை ஆகஸ்டில்தான். நாங்கள் என் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஜூன் 1, ஞாயிறு

சொதி வைத்திருந்தாள். எங்கள் வீடுகளில் சொதி என்றால் அன்றைக்குப் பெரிய நாள். தேங்காய்ப்பால் எடுத்து, முருங்கைக்காய் போட்டு, இஞ்சித் துவையல் அரைத்து, விடிந்ததிலிருந்து நின்றிருக்கிறாள்.

ஒரு வாய் வைத்தேன். வெந்நீரில் இரும்புத் தூள்.

எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். "உப்பு போட்டியாட்டி இல்லையா? மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்!" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். சோறு தரையில் சிந்தியது. மீனலோசினி எழுந்து போய்விட்டாள். இவள் குனிந்து சோற்றை அள்ளினாள். குனிந்தவள் எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் பசி வந்தது. வெட்கங்கெட்ட பசி. அதே சொதியை நானே போட்டுக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூன் 2

ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். முகம்மது சாதிக் இன்று கடையநல்லூரிலிருந்து வந்திருந்தான். மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசல் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எனக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று என்னைவிட அவனுக்குப் பயம். பேரீச்சம்பழம் கொண்டுவந்தான்.

ஆபீஸ் கதையெல்லாம் சொன்னான். பட்டா மாறுதல் மனு மலையாகக் கிடக்கிறதாம். "அண்ணாச்சி, நீங்க இல்லாம ஒரு ஃபைலும் நகர மாட்டேங்கு" என்றான். பொய்தான். ஆனாலும் நன்றாக இருந்தது.

போகும்போது மெல்லக் கேட்டான். "மதினி ஏன் இப்பிடி எளச்சிட்டாவ? ஆப்பரேசன் உங்களுக்கா அவியளுக்கா?"

அவன் போன பிறகு அவளைப் பார்த்தேன். தோள் எலும்பு தெரிந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்குகிறது. தினமும் மூன்று வேளையும் எதிரில் நின்று பரிமாறுகிறவள். நான் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஒழுங்கா சாப்பிடுதியாட்டி?" என்றேன்.

"சாப்பிடாம பின்ன?" என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அடுப்படியில் சத்தம். ஓடிப் போனால் கீழே கிடக்கிறாள். கண் திறந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. என்னைப் பார்த்து, "பஸ் வந்திட்டா?" என்கிறாள். என்ன பஸ்? எங்கே பஸ்?

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்னை உள்ளே வரவேண்டாம் என்று வெளியிலேயே உட்கார வைத்தார்கள். கூட்டத்துக்குள் நான் போகக் கூடாதாம். அவளுடைய ஒரு உறுப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

ரத்தத்தில் சோடியம் 119. நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாதாம். டூட்டி டாக்டர் பெண்பிள்ளை, வெளியே வந்து கேட்டது: "இவங்க உப்பே சாப்பிடறதில்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மீனலோசினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதட்டினேன். அழுதுகொண்டே சொன்னாள்.

மார்ச் எட்டாம் தேதி நான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு முதல் சாப்பாட்டைத் துப்பினேன். அன்றைக்கே இவள் எங்கள் ஊர்க் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். அவுக வாயில் ருசி வருகிற வரைக்கும் என் வாயில் உப்பு படாது என்று. எங்கள் பங்குக்கு உப்புப் போடுவதற்கு முன்னால் தன் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாளாம். மகள் ஒரு நாள் தற்செயலாக அந்தக் குழம்பை வாயில் வைத்துவிட்டுக் கேட்டபோது, "அப்பாட்ட சொல்லீராத மக்கா, சொன்னா பலிக்காது" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

உப்பு இல்லாவிட்டால் ஒற்றைக் கிட்னிக்கும் நல்லதுதானே என்று நினைத்தாளாம். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள் என்று மூன்று லிட்டருக்கு ஐந்தாகக் குடித்திருக்கிறாள். இருந்த கொஞ்ச உப்பும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

நேற்றோடு நூறு நாள்.

நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று நான் என்றைக்குப் பார்த்தேன்?

ஜூன் 17

தெளிந்துவிட்டாள். இன்று மாஸ்க்கோடு என்னையும் உள்ளே விட்டார்கள். மருந்து பாட்டிலைக் காட்டி, "இது உப்புத் தண்ணிதாம்ட்டி, நேத்துல இருந்து ஏறுது, உன் விரதம் முடிஞ்சுபோச்சு" என்றேன்.

குழாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது கையில ஏறுது. வாயில படலல்லா? அது சேத்தி இல்ல."

என்ன செய்வது இவளை? ஆஸ்பத்திரி இட்லியைத் தொடமாட்டேன் என்கிறாள், மாவில் உப்பு இருக்கிறதாம்.

ஜூன் 19, வியாழன்

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. மதியம் கிறுகிறுக்கும் தலையோடு எழுந்து வந்து புளித்தண்ணி வைத்தாள். படுத்திரு என்றால் கேட்டால்தானே.

நான் முடிவு செய்திருந்தேன். ஒரு வாய் எடுத்தேன். கண்ணை மூடினேன். "ஆகா! மீனா, ருசி வந்திட்டுட்டி! அப்பாடி, என்ன ருசி!" என்றேன். நாக்கைக்கூடச் சப்புக்கொட்டினேன்.

அவள் கரண்டியோடு நின்றாள். முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் கேட்டாள்.

"அதுல என்ன கொறையுது சொல்லுங்க பாப்போம்."

"ஒண்ணும் கொறையல."

"பெருங்காயம் தீந்துபோச்சு. போடல. பெருங்காயம் இல்லாத புளித்தண்ணிய மூக்குக்கிட்டக் கொண்டுபோகும்போதே கண்டுபிடிக்கிற ஆளு நீங்க. யார ஏமாத்துதீய? என்னையா, அம்மாளையா?"

பொய் சொல்லவும் நாக்கு வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 20

கெண்டைக்கால் பிடித்து இழுத்து அலறிவிட்டாள். ரிஸ்வான் டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சார், இன்னொரு தடவை இறங்குச்சுன்னா வலிப்பு வரும். மூளையைப் பாதிக்கும். உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே உப்பு சாப்பிட வைங்க" என்றார்.

போனை அவளிடமே கொடுத்தேன். சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டாள். வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அவுகளுக்கு என்ன தெரியும்? பாதியில விட்டா அம்மா உங்களத்தான பிடிப்பா."

கத்தினேன். கெஞ்சினேன். மகள் அவள் காலில் விழுந்தாள். சாமி ஒன்றும் செய்யாது என்றேன், காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டு இன்னொன்றோடு சாகப்போகிறாள். எனக்காகச் சாகப்போகிறாள். ருசியாம் ருசி. அந்த மயிர் ருசி யாருக்கு வேணும்? நாக்க அறுத்துப் போட்டுறலாமான்னு வருது.

ஜூன் 22, ஞாயிறு

வழி கிடைத்தது. எங்கிருந்து? என் பிழைப்பிலிருந்துதான்.

காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏட்டி, நெலம் ஒருத்தர் பேர்ல இருக்கு. அவருக்கு ஏலாமப் போச்சு. வேற ஒருத்தர் பேருக்கு மாத்துனா நெலம் அழிஞ்சா போகும்?"

"அதெப்பிடி அழியும்?"

"வரி அரசாங்கத்துக்குத்தான போகுது? பேருதான மாறுது?"

"அதுக்கு இப்ப என்ன?"

"உன் விரதத்த என் பேருக்கு மாத்து. அதே அம்மா, அதே வேண்டுதல், அதே உப்பு. ஆளு மட்டும் நான். விரதம் முறியல. பாதியில நிக்கல. பட்டா மாறுதல், அவ்வளவுதான்."

முழித்தாள். "அப்பிடிச் செய்யலாமா?"

"இருபத்திரெண்டு வருசமா நான் வேற என்ன வேலட்டி பாக்கேன்?"

"உங்களுக்குத்தான் உப்பே தெரியலயே. அது ஒரு விரதமா?" என்றாள்.

"அத அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றேன்.

கூட்டம் சேருவதற்கு முன்னால் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். எனக்கு இரட்டை மாஸ்க். அம்மன் சன்னதி முன்னால் நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் மனு போட்டேன். வார்த்தை ஆபீஸ் வார்த்தையாகத்தான் வந்தது. 'மேற்படி விரதத்தை இன்று முதல் எனது பெயருக்கு மாற்றிக்கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அப்புறம் வெறும், அம்மா, தாயே, அவள விட்டுரு.

வீட்டுக்கு வந்து தயிர்ச்சோறு பிசைந்தேன். நானே உப்புப் போட்டேன், ஒரு துண்டு நார்த்தங்காய் வைத்தேன். நூற்றாறு நாளுக்குப் பிறகு முதல் வாய். மென்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"என்னட்டி?"

"கரிக்கி" என்றாள். "ரொம்பக் கரிக்கி." சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள்.

ஜூன் 23

டாக்டரிடம் சொன்னேன். உங்களுக்கு உப்பு குறைத்தால் ரத்த அழுத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், எண் இறங்கினால் விரதத்தை நான் முடித்துவைப்பேன் என்றார்.

ஜூலை 3, வியாழன்

அவளுக்குச் சோடியம் 136. எனக்கு 138.

உப்பில்லாத சோறு தின்கிறேன். ஒரு கஷ்டமும் இல்லை. உப்புப் போட்டாலும் ஆணி, போடாவிட்டாலும் ஆணி. குருடன் சினிமாவுக்குப் போகமாட்டேன் என்று நேர்ந்துகொண்ட மாதிரி. பக்கத்து வீட்டுப் பொன்செல்வி வந்து, "அண்ணாச்சி, மதினிக்காக இப்பிடி இருக்கீயளே" என்று உருகுகிறாள். எனக்குக் கூசுகிறது. அம்மாளிடம் செல்லாத நோட்டை நீட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு மாற்றம். இப்போது மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவள் தட்டை நான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டாள்.

ஜூலை 15

ரசம். துணி ஊறிய தண்ணீர்.

ஜூலை 28, திங்கள்

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. தெருவெல்லாம் மைக் சத்தம். கோயிலை வலம்வந்து ஆடிச்சுற்று சுற்றக் கிளம்பினாள். நூற்றெட்டு என்று ஆரம்பித்தாள், ஒன்பதுக்கு மேல் சுற்றினால் ஆபீஸிலிருந்து ஆளைக் கூட்டிவந்து தடை உத்தரவு போடுவேன் என்றேன். சிரித்தாள். வளையல் மணிக்கட்டிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். மத்தியானம் ஒன்றரை மணி. எழுதி வைக்க வேண்டிய நேரம்.

ஏதோ நினைப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸில் சேருகிற தேதியைப் பற்றி மகளிடம் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாயோ நான்காவது வாயோ, சுள்ளென்று கோபம் வந்தது. "என்னட்டி சோறு இது! சப்புன்னு இருக்கு! வாயில வைக்க விளங்கல!" என்று கத்தினேன்.

மீனலோசினி கையை உதறிக்கொண்டு எழப்போனாள், பழையபடி ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்து. இவள் மட்டும் அசையவில்லை. என்னையே பார்த்தாள்.

"என்ன சொன்னீய?"

"சப்புன்னு இருக்குங்கேன்..."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆணி இல்லை. பித்தளை இல்லை. எள்ளு எள்ளாக இருந்தது. பருப்பு வாசம், பூண்டு வாசம், தேங்காயின் இனிப்பு. எல்லாம் இருந்து, உப்பு மட்டும் இல்லை. இல்லை என்பது தெரிந்தது.

அவள் அழுதுகொண்டே உப்பு ஜாடியை எடுக்க ஓடினாள். "அம்மா கண்ண தொறந்துட்டா, முடிஞ்சிட்டு, முடிஞ்சிட்டு" என்று ஒரு கல் எடுத்து என் வாய் பக்கம் கொண்டுவந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்ட்டி. அம்பது நாளா நான் இருந்தது விரதமே இல்ல. தெரியாத உப்ப விட்டேன். இனிமேதான் விடணும்."

"வேண்டுதல் நெறவேறிட்டு. அதுக்கு மேல எதுக்கு?"

"அம்மாளுக்கு இல்ல. எனக்கு."

"எத்தன நாளைக்கு?"

"நூத்தியாறு."

அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துக் கத்தி நான் கேட்டதில்லை. "கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? என் கிட்னி அது! அத வச்சிக்கிட்டு வெளையாடுதீயளா?" தெரு கேட்டிருக்கும். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கடைசியில் ஏழு நாள் என்று முடிந்தது. டாக்டரும் ஏழுக்கு மேல் ஒரு வேளை கூடாது என்றார்.

ஆகஸ்ட் 12

முடியும். ஏழு நாள்தானே.

ஆகஸ்ட் 14, வியாழன்

நான்காம் நாள். கத்திரிக்காய்த் தீயல் குழம்பு. எனக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டாவது வாய் தொண்டையில் இறங்க மறுத்தது. தண்ணீர் குடித்துத் தள்ளினேன். சோறு வாய்க்குள் உருண்டுகொண்டே நிற்கிறது. குமட்டுகிறது. பக்கத்தில் அவள் தட்டிலிருந்து உப்பும் புளியுமாக வாசம் வருகிறது, கை தானாக அந்தப் பக்கம் போகப் பார்க்கிறது. மூன்று நாளிலேயே நான் இந்த லட்சணம். இதை இவள் மார்ச், ஏப்ரல், மே என்று, நான் திட்டத் திட்ட, என் எச்சில் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறாள்.

"எப்பிடிட்டி தின்ன?" என்றேன்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், தீயலைப் பிசைந்துகொண்டே. "மொத பத்து நாள்தான் கஷ்டம். பெறவு நாக்கு செத்துரும். அதுக்குப் பெறவு என்ன போட்டாலும் ஒண்ணுபோலதான் இருக்கும்."

சொல்லிவிட்டு, என் தட்டைப் பார்த்து, "போதும்னா வச்சிருங்க" என்றாள்.

வைக்கவில்லை. அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். மகள் பார்த்தாள், பார்க்கட்டும். தட்டில் இருந்தது முழுவதும் சாப்பிட்டுவிட்டு, அவள் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய் நானே கழுவினேன்.